கெட்ட செய்தி முதலில் உங்களிடம் வரவேண்டும்: கொழும்பில் புதிதாகக் குழுத் தலைமை ஏற்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் பதவி உயர்வு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் வருகிறது. கணக்கை எல்லோரையும்விடச் சுத்தமாக முடிப்பவர் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாகிறார். நன்றாகக் கோட் எழுதுபவர் டீம் லீட் ஆகிறார். விற்பனை இலக்கை விடாமல் எட்டுபவர் கிளை முகாமையாளர் ஆகிறார். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து வேலை வேறு. இதுவரை தன் கையால் செய்ததை இனி ஏழெட்டுப் பேரைக்கொண்டு செய்விக்க வேண்டும். எப்படி என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை.

அந்தக் கடிதத்தைப் பெற்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் அலுவலகம் கோட்டையில் இருக்கலாம், யூனியன் பிளேஸில் இருக்கலாம், தெமட்டகொடையிலோ இராஜகிரியவிலோ இருக்கலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்து புழங்கும் ஒரு குழுவை முதல் தடவையாக நடத்தப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

தலைமைப் பண்புகள் எவை என்று கேட்டால் நேர்மை, தொலைநோக்கு, தன்னம்பிக்கை, பொறுமை என்று நீளமான பட்டியல் கிடைக்கும். பட்டியலில் பிழையில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மேசையில் வந்து அமர்பவர் அதை வைத்து என்ன செய்வார்? நான் ஒரு தலைவரை எடைபோடுவது ஒரே கேள்வியால். வேலையில் ஏதாவது கோணலானால் அது இவருடைய காதுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது? அன்றைக்கே வந்தால் அவர் நல்ல தலைவர். வாடிக்கையாளர் கோபமாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரியவருகிறதென்றால், மற்றப் பண்புகள் எத்தனை இருந்தும் குழு அவரை நம்பவில்லை என்றே அர்த்தம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

படி 1: ஏற்றுக்கொள்ளும் முன் எல்லையைக் கேளுங்கள்

பொறுப்பைத் தருவார்கள், அதிகாரத்தைத் தர மறந்துவிடுவார்கள். ஆகவே கடிதத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் மேலதிகாரியிடம் சிலவற்றை நேராகக் கேட்டுவிடுங்கள். லீவை நானே அங்கீகரிக்கலாமா? எவ்வளவு ரூபா வரை உங்களிடம் கேட்காமல் செலவு செய்யலாம்? புதியவரை எடுக்கும்போது நேர்முகத்தில் நான் இருப்பேனா? வருட இறுதி மதிப்பீட்டில் கடைசி வார்த்தை என்னுடையதா, உங்களுடையதா? என்னுடைய ஆட்களுக்கு நீங்கள் நேரே வேலை சொன்னால் எனக்கும் தெரியப்படுத்துவீர்களா?

கடைசிக் கேள்விதான் கொழும்பில் முக்கியம். குடும்ப நிறுவனங்களில் முதலாளி நேரே வந்து கடைசி மேசையில் இருக்கும் பையனிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவன் உங்கள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அதைச் செய்வான். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இதை முதல் நாளே பேசிவிட்டால் சுமுகமாகத் தீரும். நடந்த பிறகு பேசினால் முறைப்பாடு மாதிரி ஒலிக்கும். பேசி முடிந்ததும், "இன்று பேசியதில் நான் விளங்கிக்கொண்டது இது" என்று ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

படி 2: முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள், கேளுங்கள்

புதிய பொறுப்பாளர்களுக்கு ஒரு துடிப்பு இருக்கும். முதல் வாரமே எக்செல் தாளை மாற்றுவார்கள், கூட்ட நேரத்தை மாற்றுவார்கள், மேசைகளைக்கூட மாற்றுவார்கள். பொறுத்திருங்கள். குழுவில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே அரை மணி நேரம் சந்தியுங்கள். உங்கள் அறைக்குக் கூப்பிடாமல், கீழே தேநீர் குடிக்கும் இடத்தில் பேசினால் இன்னும் நல்லது.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. இங்கே நன்றாக நடப்பது எது, எதைத் தொடவே கூடாது? எந்த வேலையை இரண்டு தடவை செய்யவேண்டி வருகிறது? போன தடவை ஏதாவது பிழைத்தபோது இங்கே என்ன நடந்தது? மூன்றாவதற்கு உடனே பதில் வராது. ஒருவர் சிரித்து மழுப்பினால், அல்லது "ஒன்றும் இல்லை சேர்" என்று சொன்னால், முன்பு யாரோ பிழையைச் சொல்லி வாங்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஞாபகத்தைக் கரைப்பதுதான் உங்களுடைய அடுத்த ஆறு மாத வேலை.

இந்தப் பேச்சிலேயே ஆட்கள் எங்கிருந்து, எப்படி வருகிறார்கள் என்பதும் தெரியவரும். ஒருவர் கம்பஹாவிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வருகிறார். இன்னொருவர் வெள்ளவத்தையில் போடிங்கில் தங்கி யாழ்ப்பாணத்துக்குக் காசு அனுப்புகிறார். மற்றவர் கொட்டாஞ்சேனையில் நோயாளியான தாயைப் பார்த்துக்கொள்கிறார். இவற்றைத் துருவிக் கேட்கத் தேவையில்லை, சொன்னால் நினைவில் வைத்திருந்தால் போதும். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் ரயிலைத் தவறவிடுபவர் யார் என்று தெரிந்திருப்பவர், அந்தக் கூட்டத்தை மூன்று மணிக்கு வைப்பார்.

நேற்று வரை சக ஊழியராக இருந்தவர்கள் தனிப் பிரச்சினை. அவர்களில் ஒருவர் இதே பதவிக்கு விண்ணப்பித்திருப்பார். அவரிடம் முதல் நாளே போய்ப் பேசுங்கள். "இந்த இடம் உங்களுக்கும் பொருந்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆதரவு இல்லாமல் என்னால் இதைச் செய்ய முடியாது" என்று சொல்வதில் உங்கள் மரியாதை குறையாது. தேநீர் நேரத்தில் 'மச்சான்' அப்படியே இருக்கட்டும். கூட்டத்தில் எல்லோரையும் பெயர் சொல்லியே பேசுங்கள். ஒருவருக்கு மச்சான், மற்றவருக்கு மிஸ்டர் என்றால் அறையில் இருக்கும் எல்லோரும் அதைக் கணக்கு வைப்பார்கள்.

உங்களைவிடப் பத்து வயது மூத்தவர் உங்கள் கீழ் வேலை செய்தால் அவரை இதுவரை அழைத்தது போலவே அண்ணே, அக்கா என்று அழையுங்கள். சிங்களவரானால் அய்யே, அக்கே. முறை சொல்லி அழைத்தாலும் வேலையைத் தெளிவாகச் சொல்லலாம். "அண்ணே, இதை வியாழன் மத்தியானத்துக்குள் முடித்துத் தரவேண்டும், முடியுமா?" என்பதில் மரியாதையும் இருக்கிறது, திகதியும் இருக்கிறது.

படி 3: மூன்று மொழியையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள்

அரசியலமைப்பில் சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. கொழும்புத் தனியார் அலுவலகக் கூட்டத்திலோ ஆங்கிலமே ஆள்கிறது. நன்றாக ஆங்கிலம் பேசுபவர் முக்கால்வாசி நேரம் பேசுவார். விடயம் தெரிந்தவர் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பார். கூட்டம் முடிந்து லிஃப்டுக்குள் வந்ததும் சிங்களத்திலோ தமிழிலோ, "அது சரிவராது, சப்ளையர் அப்படித் தரமாட்டான்" என்பார். அந்த ஒரு வாக்கியம் கூட்டத்தில் விழுந்திருந்தால் இரண்டு வார வேலை மிச்சம்.

இதற்கு நான் கண்ட வழி எளிமையானது. பேசப்போகும் கேள்வியை முதல் நாளே எழுதி அனுப்பிவிடுங்கள், யோசித்து வர நேரம் கிடைக்கும். கூட்டத்தில் யாரும் எந்த மொழியிலும் பேசலாம் என்று அறிவித்துவிட்டு, முதல் ஆளாக நீங்களே சிங்களத்தில் இரண்டு வசனம் பேசுங்கள். உங்கள் சிங்களம் தட்டுத்தடுமாறினால் இன்னும் நல்லது. தலைவரே தடுமாறும்போது மற்றவருக்குத் தன் ஆங்கிலத்தைப் பற்றிய கூச்சம் போய்விடும். முடிவுகளை மட்டும் எளிய ஆங்கிலத்தில், யார், எதை, எப்போது என்று எழுதி அன்றே அனுப்புங்கள்.

தமிழ் பேசும் தலைவருக்கு இதில் இன்னொரு கடமையும் உண்டு. தமிழ் ஊழியரிடம் தமிழில் இரகசியமாகப் பேசும் வழக்கத்தைக் குழுவின் முன் வைத்துக்கொள்ளாதீர்கள். பேச்சு எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், விளங்காதவருக்கு அது தன்னைப் பற்றியதாகவே படும். இந்த நாட்டின் வரலாறு அப்படி. சிங்களத் தலைவரின் கீழ் அதே இடத்தில் நாம் இருந்தபோது நமக்கு எப்படி இருந்தது என்பதை நினைத்தால் போதும்.

படி 4: வேலையை ஒப்படைக்கும்போது 'முடிந்தது' என்றால் என்ன என்று சொல்லுங்கள்

"இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்பது வேலை ஒப்படைப்பு அல்ல. பார்த்துவிட்டு என்ன செய்வது? எதை முடிக்க வேண்டும், எந்த நாள் எத்தனை மணிக்கு, யாரிடம் தரவேண்டும், எங்கே சிக்கினால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்ற நான்கும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொன்ன பிறகு, "எங்கிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவருடைய பதிலில், நீங்கள் சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அப்படியே தெரிந்துவிடும்.

எல்லோரையும் ஒரே அளவில் கவனிக்கவும் கூடாது. தலைமைத்துவ ஆய்வாளர்களான போல் ஹேர்சியும் கென் பிளஞ்சார்டும் 1969இல் முன்வைத்த கருத்து இன்னும் பயன்படுகிறது. ஆளின் திறமைக்கும் ஆர்வத்துக்கும் ஏற்பத் தலைமையின் விதம் மாறவேண்டும் என்றார்கள். புதிதாக வந்த பயிலுநருக்கு ஒவ்வொரு அடியையும் காட்டவேண்டும். பத்து வருடம் அதே வேலையைச் செய்தவரிடம் அப்படிக் காட்டினால் அவமானப்படுத்துகிறீர்கள். ஆனால் அதே பத்து வருடக்காரருக்குப் புதிய மென்பொருள் கொடுத்தால், அந்த ஒரு விடயத்தில் அவர் மீண்டும் பயிலுநர்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை. அனுபவசாலி கேட்க வெட்கப்படுவார், தலைவர் கேட்கமாட்டார், பிழை மாதக் கடைசியில் வெளிவரும்.

படி 5: கெட்ட செய்திக்குப் பாதை போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

கோட்டையில், துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை மாலை மூன்று மணி. இறக்குமதியாளருடைய கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது. இலவச நாட்கள் வெள்ளியோடு முடிகின்றன, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். பிரிவுத் தலைவி அந்த வேலையைப் பார்க்கும் பையனின் மேசைப் பக்கம் போகிறார்.

"தம்பி, அந்தக் கன்டெய்னர் பேப்பர்ஸ் என்ன மாதிரி?"

"ஓகே மிஸ், நடந்துக்கிட்டு இருக்கு. நாளைக்கு முடிஞ்சிடும்."

பத்தில் ஒன்பது தலைவர்கள் இந்த இடத்தில் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் கஸ்டெக், அதாவது சுங்கப் பிரகடனம் பற்றி இன்னொரு கேள்வி கேட்கிறார்.

"கஸ்டெக் போடுறதுக்கு இன்னும் எது கைக்கு வரல்ல?"

"இன்வொய்ஸ்ல இருக்கிற எடையும் பெக்கிங் லிஸ்ட்ல இருக்கிற எடையும் பொருந்தல்ல மிஸ். சப்ளையருக்கு மெயில் போட்டேன்."

"எப்ப?"

"திங்கக்கிழமை."

"பதில்?"

"இன்னும் இல்ல மிஸ்."

"சரி, சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப அங்க என்ன நேரம்? கோல் எடுத்துப் பார்ப்போம், நான் பக்கத்துல இருக்கேன்."

பையன் முதலில் சொன்னது பொய்யல்ல. "என்ன மாதிரி?" என்று மேலதிகாரி கேட்டால், "நல்ல மாதிரி" என்று சொல்வதுதான் நாம் படித்த மரியாதை. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். ஆகவே கேள்வியை மாற்றவேண்டியது தலைவருடைய வேலை. 'எப்படிப் போகிறது' என்று கேட்டால் 'ஓம்' வரும். 'எது இன்னும் வரவில்லை', 'எது உங்களுக்கு யோசனையாக இருக்கிறது', 'நாளைக்கு முடியாமல் போனால் எதனால் முடியாமல் போகும்' என்று கேட்டால் விடயம் வரும்.

பெரியவரிடம் சொல்லத் தயங்குவது நம்முடைய ஊரின் குறை மட்டுமல்ல. 1977 மார்ச் 27 அன்று கனேரித் தீவுகளில் உள்ள தெனரீஃப் விமான நிலையத்தில், மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி அந்த நிறுவனத்தின் மிக மூத்தவர்களில் ஒருவர். மேலெழ ஓடத் தொடங்கிய நேரத்தில், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியியலாளர் சந்தேகமாகக் கேட்டார். தலைமை விமானி ஆமென்று அழுத்தமாகச் சொன்னார். பொறியியலாளர் அதற்கு மேல் பேசவில்லை. விபத்துக்குக் காரணங்கள் பல. வானொலிச் செய்தி தெளிவாகக் கேட்கவில்லை, அனுமதியை விளங்கிக்கொண்டதில் குழப்பமும் இருந்தது. ஆனாலும் விமானி அறைக்குள் ஒருவருக்கு இருந்த சந்தேகம் முடிவை மாற்றும் அளவுக்குப் பலம் பெறாமல் போனதை விமானத்துறை மறக்கவில்லை. 1979இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து வளர்ந்த பயிற்சி முறை, இளையவர் தயங்காமல் சொல்லவும் மூத்தவர் நின்று கேட்கவும் விமானிகளைப் பழக்குகிறது.

வைத்தியசாலைகளிலும் இதே கதை. ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில், மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை வார்டு வார்டாக ஒப்பிட்டார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் பிழை அதிகமாக இருந்தது. அந்தத் தாதியர் அதிகம் பிழை செய்தார்கள் என்பதல்ல, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். 1999இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இப்படிப் பயமின்றிச் சொல்லக்கூடிய நிலையை 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரில் பரப்பியது. பின்னாளில் கூகுள் தன்னுடைய குழுக்களை ஆராய்ந்தபோதும் முதலிடத்தில் வந்தது இதுதான். உங்கள் பிரிவில் ஒரு மாதமாக ஒரு பிழையும் காதில் விழவில்லை என்றால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள்.

செய்தி வந்த முதல் பத்து விநாடியில் உங்கள் முகம்தான் பேசும். நெற்றி சுருங்கி, "ஏன் இதை முன்னமே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டால், அடுத்த தடவை அந்த ஆள் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போடுவார். ஆகவே ஒழுங்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில், சொன்னதற்கு நன்றி. அடுத்து, இப்போது என்ன செய்யலாம். அதற்கடுத்து, இது வேறு யாருக்குத் தெரியவேண்டும். 'ஏன் நடந்தது' என்ற கேள்வியை மறுநாளுக்கு வையுங்கள். மறுநாளும் 'யார்' என்று ஆரம்பிக்காமல் 'எந்த இடத்தில்' என்று ஆரம்பியுங்கள்.

இதனால் ஒழுங்கு கெட்டுவிடாதா என்று கேட்பார்கள். கெடாது, ஒரு விதியை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால். "பிழையை என்னிடம் சொன்னவரை மேலிடத்தில் நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். மறைத்தவரை நான் காப்பாற்றவும் மாட்டேன்." சொன்னபடி இரண்டு பக்கமும் நடந்துகொள்ளுங்கள். அதே கவனயீனம் மூன்றாவது தடவையும் வந்தால் அது வேறு பேச்சு, அதற்குப் படி 7 இருக்கிறது.

பாதை மேலிருந்து கீழேயும் போகவேண்டும். 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. எரிபொருள் வரிசையில் மக்கள் இரவு தூங்கினார்கள். செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதமானது. அந்த மாதங்களில் சில தலைவர்கள் ஆட்களைக் கூப்பிட்டு, "சம்பளம் இந்த மாதம் வரும், அடுத்த காலாண்டு பற்றி எனக்கே உறுதியில்லை, தெரிந்தவுடன் சொல்கிறேன்" என்றார்கள். வேறு சிலர், "எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் வகைக்காரரை அவருடைய ஆட்கள் இன்றும் மதிப்போடு பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். உண்மை கசப்பானாலும் அதை வைத்து ஒருவர் தன் வீட்டைத் திட்டமிடலாம். வெறும் ஆறுதலை வைத்து எதையும் திட்டமிட முடியாது.

ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். பாலியல் தொந்தரவு பற்றிய முறைப்பாடு உங்களிடம் வந்தால், அதை 'இருவரையும் கூப்பிட்டுப் பேசி' முடிக்க முயலாதீர்கள். 1995இன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின் பின் அது குற்றம். முழுமையாகக் கேளுங்கள், எழுதி வையுங்கள், முறைப்பாட்டாளருக்குத் தெரியப்படுத்தி அன்றே மனிதவளப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

படி 6: வாரம் ஒரு தடவை தனியே உட்காருங்கள்

ஒவ்வொருவருடனும் வாரத்துக்கு இருபது நிமிடம், முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நேரம் நிலையாக இருக்கட்டும். இது வேலை அறிக்கை கேட்கும் நேரமல்ல, அவர் பேசும் நேரம். முதல் இரண்டு மூன்று தடவை பேச்சு வராது. கைவிடாதீர்கள். இந்தச் சந்திப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு தடவை தள்ளினால், தன்னுடைய இடம் எதற்கும் பின்னால்தான் என்று அவர் தெரிந்துகொள்வார். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இது இன்னும் அவசியம். அலுவலகத்தில் முகத்தைப் பார்த்தே தெரிவதெல்லாம் ஸூமில் தெரியாது.

படி 7: கண்டிப்பைத் தனியே, பாராட்டை விவரத்தோடு

வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைக் கண்டிக்கவே கூடாது. "யார் இதைச் செய்தது???" என்று இரவில் வரும் மூன்று கேள்விக்குறிகள் ஒரு வருட நம்பிக்கையை அழித்துவிடும். படித்துவிட்டு யாரும் பதில் போடமாட்டார்கள், தனியாக வேறொரு குழு தொடங்குவார்கள்.

கண்டிக்கும்போது ஆளின் குணத்தைப் பேசாமல் நடந்ததைப் பேசுங்கள். "நீங்கள் பொறுப்பில்லாதவர்" என்றால் அவரால் எதைத் திருத்த முடியும்? "செவ்வாய்க்கிழமை அறிக்கை இரண்டு மணிக்கு வரவேண்டியது, ஐந்துக்கு வந்தது. அதனால் நான் வாடிக்கையாளரிடம் பழைய எண்ணைச் சொல்லவேண்டி வந்தது. என்ன நடந்தது?" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பிறகு வரும் மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். அவர் பேசட்டும்.

'வெரி குட்' என்று மட்டும் சொன்னால் அது காற்றோடு போய்விடும். எதைச் செய்தார், அதனால் யாருக்கு என்ன நன்மை வந்தது என்று சொன்னால் அவர் அதைத் திரும்பவும் செய்வார். முக்கியமாக, கெட்ட செய்தியைச் சீக்கிரம் கொண்டுவந்தவரை எல்லோர் முன்னிலும் பாராட்டுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் உங்கள் வார்த்தையை நம்புவார்கள்.

படி 8: நேரமும் லீவும் நியாயமாக இருக்கட்டும்

எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் லீவுப் பதிவேட்டில் பாரபட்சம் இருந்தால் எல்லாம் வீண். சட்டத்தின் அடிப்படையையாவது தெரிந்துவைத்திருங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வரும் ஊழியருக்கு உணவு இடைவேளை சேராமல் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் ஓ.டி. ஒன்றரை மடங்கு. முழு வருடம் வேலை செய்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய (கஷுவல்) லீவும் உரிமை. லீவு கேட்பவர் உங்களிடம் சலுகை கேட்கவில்லை. அந்த நினைப்போடு பேசினால் தொனியே மாறிவிடும்.

விடுமுறைகளில் கொழும்புத் தலைவர் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. தைப்பொங்கல் பொது, வங்கி, வர்த்தக விடுமுறை மூன்றும். தீபாவளி, ரமழான், பெரிய வெள்ளி ஆகியவை பொது விடுமுறையும் வங்கி விடுமுறையும்தான், வர்த்தக விடுமுறை அல்ல. அதனால் தனியார் நிறுவனங்கள் பல அன்று திறந்திருக்கும். யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டியவருக்கு ஒரு நாள் லீவு போதாது, இரவு பஸ்ஸில் இருக்கையும் கடைசி நேரத்தில் கிடைக்காது. ஜனவரியிலேயே வருட நாட்காட்டியைச் சுவரில் ஒட்டி, யாருக்கு எந்த நாள் முக்கியம் என்று எல்லோரையும் குறிக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்குச் சிங்கள நண்பர் வேலையைப் பார்த்துக்கொள்வார், வெசாக்குக்கும் நத்தாருக்கும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் தானாகவே நடக்கத் தொடங்கிய குழுவில் நல்லிணக்கம் பற்றிப் பயிற்சிப் பட்டறை நடத்தத் தேவையில்லை.

இரவு பத்து மணிக்கு உங்களுக்கு ஒரு யோசனை வந்தால் எழுதி வையுங்கள், காலையில் அனுப்புங்கள். "அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று சேர்த்தாலும் பயனில்லை. மேலதிகாரியின் செய்தி வந்தால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். உண்மையான அவசரத்துக்குத் தொலைபேசி அழைப்பு மட்டும் என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: போகப்போகிறவரும் உங்களிடம் சொல்லும்படி இருங்கள்

கொழும்பில் ஒரு குழுவை நடத்துபவர் கனடாவோடும் அவுஸ்திரேலியாவோடும் டுபாயோடும் போட்டி போடுகிறார். சம்பளத்தில் வெல்ல முடியாது. ஆனால் போகிறவர் எப்போது சொல்கிறார் என்பது உங்கள் கையில் இருக்கிறது. வெளிநாடு போகப் பேப்பர்ஸ் போட்டிருக்கும் விடயத்தைப் பலர் கடைசி வரை மறைக்கிறார்கள். தெரிந்தால் பொறுப்பைப் பிடுங்குவார்கள், போனஸை வெட்டுவார்கள், முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, ஏனென்றால் முன்பு போனவருக்கு நடந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஒருவர் வந்து சொன்னால் வாழ்த்துங்கள். விசா வரும் வரை அவருடைய வேலையும் மரியாதையும் அப்படியே இருக்கட்டும். ஒரு மாத நோட்டீஸில் அவசர அவசரமாகக் கைமாற்றுவதைவிட, நான்கு மாதம் முன்பே தெரிந்து ஆறுதலாகக் கைமாற்றுவது எவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு, ஒவ்வொரு முக்கிய வேலையையும் இரண்டு பேர் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் இருவரும் இடம் மாறிச் செய்யட்டும். எங்கே திணறுகிறார்களோ அங்கே குறிப்பு எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

படி 10: கேட்ட செய்தியை மேலே கொண்டுபோங்கள்

கீழிருந்து வரும் உண்மை உங்கள் மேசையில் நின்றுவிட்டால் பாதை பாதியில் முடிந்துவிடும். மேலதிகாரியிடம் போகும்போது பிரச்சினையை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நடந்தது என்ன, அதனால் வரும் நட்டம் என்ன, செய்யக்கூடியவை இரண்டு எவை, நீங்கள் எதைத் தேர்வீர்கள், எப்போதுக்குள் முடிவு வேண்டும் என்று ஐந்து வசனத்தில் முடியுங்கள். "வெள்ளிக்குள் கன்டெய்னரை எடுக்க முடியாமல் போகலாம். போனால் டெமரேஜ் கட்டவேண்டி வரும். வாடிக்கையாளருக்கு இன்றே சொல்லலாம், அல்லது நாளை மத்தியானம் வரை சப்ளையரின் பதிலுக்குக் காத்திருக்கலாம். இன்றே சொல்வது நல்லது என்று நினைக்கிறேன். நான்கு மணிக்கு முன் உங்கள் சம்மதம் வேண்டும்." இதைக் கேட்டும் கத்துகிற மேலதிகாரிகள் இருக்கிறார்கள். அந்தக் கத்தலை அப்படியே குழுவுக்குக் கடத்தாமல் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாருடைய பிழை என்று கேட்டால், "என்னுடைய பிரிவில் நடந்தது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது போதுமான பதில்.

முடியாத இலக்கை ஏற்றுக்கொண்டு வந்து குழுவின் தலையில் போடுவது இதற்கு நேரெதிர். மேலிடத்தில் 'ஓம் சேர்' என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து அழுத்தம் கொடுப்பவரிடம், அவருடைய ஆட்களும் 'ஓம் சேர்' என்றே சொல்லப் பழகுவார்கள். எத்தனை பேர், எத்தனை நாள், எதை விட்டால் எதைச் செய்யலாம் என்று எண்ணோடு பேசுங்கள். ஆட்சேபம் கூட்டத்துக்கு முன் தனியே சொல்லப்பட்டால் எடுபடும் வாய்ப்பு அதிகம்.

படி 11: ஆறு மாதம் கழித்து அளந்து பாருங்கள்

ஆறாவது மாதக் கடைசியில் குழுவிடம் பெயரில்லாமல் எழுதித்தரச் சொல்லி மூன்று கேள்விகள் கொடுங்கள். எந்த மொழியிலும் எழுதலாம். நான் தொடர்ந்து செய்யவேண்டியது எது? நிறுத்தவேண்டியது எது? என்னிடம் சொல்லத் தயங்கும் விடயம் எதைப் பற்றியது? சிறிய குழுவில் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும், ஆகவே தட்டச்சில் வாங்குங்கள், அல்லது மனிதவளப் பிரிவைச் சேகரித்துத் தரச் சொல்லுங்கள். யார் எழுதியது என்று ஊகிக்கும் ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கூடவே உங்கள் குறிப்பேட்டை எடுத்து, இந்த ஆறு மாதத்தில் வந்த பெரிய சிக்கல்கள் ஒவ்வொன்றையும் முதலில் யார் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள் என்று எழுதுங்கள். குழுவில் ஒருவரா, வாடிக்கையாளரா, உங்கள் மேலதிகாரியா? கடைசி மூன்று மாதத்தில் குழுவின் பெயர்கள் கூடியிருந்தால் பாதை வேலை செய்கிறது. ஒரே ஒருவரின் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் மற்றவர்கள் அவரைத் தூதாக அனுப்புகிறார்கள். அப்படியானால் படி 6இலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

எழுதித் தந்த பதில்களில் ஒன்றையாவது பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்துங்கள். மாற்ற முடியாதவற்றை, ஏன் முடியாது என்ற காரணத்தோடு அடுத்த கூட்டத்தில் வாசித்துச் சொல்லுங்கள், மூன்று மொழியிலும்.